ஆம்புலன்ஸ் காசு: 999, அமெரிக்கா மெடிகேர், நம்ம மெடிக்கல் கார்ட்

போன மாசம் அப்பாவ பிரைவேட் ஆஸ்பத்திரில இருந்து கோலாலம்பூர் செந்தூல் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். இடுப்பு ஆபரேஷன், உக்காரவே கூடாதுன்னுட்டாங்க, எங்க பிளாட்டுல லிப்ட் கிடையாது, நாலாவது மாடி. ஆம்புலன்ஸ்காரரு போன்ல 250 வெள்ளின்னாரு (மலேசிய ரிங்கிட்), சரின்னோம். கீழ வந்து படிய அண்ணாந்து பாத்ததும் மாடிக்கு இவ்ளோன்னு தனிக் கணக்கு, தூக்க இன்னொரு ஆளு அதுக்கு ஒண்ணு, ஆக்சிஜன தொறக்கவே இல்ல அதுக்கும் ஒரு வரி, பில்லு 430ல போய் நின்னுச்சு.

டெக்சஸ்ல பெரியம்மா பையன், எனக்கு அண்ணன், ஆம்புலன்ஸ் பில்லிங்லதான் வேலை. அவருகிட்ட பொலம்புனதுல ஒண்ணு புரிஞ்சிச்சு, ரேட்டு எவ்ளோங்கறத விட எந்த டிரிப்புக்கு கவர்மெண்டோ இன்சூரன்ஸோ காசு குடுப்பாங்கங்கறதுதான் மேட்டர்.

உசுருக்கு ஆபத்துன்னா மலேசியால 999ங்கற அவசர நம்பர்தான், இதுல பேச்சே இல்ல. வர்றது கேகேஎம்ங்கற சுகாதார அமைச்சு வண்டியா இருக்கும், இல்ல செயின்ட் ஜான், புலான் சாபிட் மேரா (செம்பிறைச் சங்கம்), பெர்தஹானான் அவாம் (பொதுத் தற்காப்புப் படை), யாரா இருந்தாலும் நம்மகிட்ட பில்லு நீட்டமாட்டாங்க. ஆனா பொதுவா பக்கத்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான், எங்களுக்குன்னா ஜாலான் பகாங்ல இருக்கற ஜிஎச், அதாவது கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரி. என் ஸ்பெஷலிஸ்ட் இருக்கற பிரைவேட்டுக்கு விடுங்கன்னா நடக்காது, டிஸ்சார்ஜ் ஆனவர வீட்டுல கொண்டு போய் விடறது அவங்க வேலையும் இல்ல. சிங்கப்பூர்லயும் அதே கததான், அங்க 995ங்கற நம்பர், எமர்ஜென்சின்னா ஃப்ரீ, எமர்ஜென்சி இல்லாம ஆஸ்பத்திரிக்கு ஏறிப் போனா 274 டாலர் கட்டணும்.

மெடிகேர் வேற மாதிரி. 65 வயசு தாண்டினவங்களுக்கு அமெரிக்க கவர்மெண்ட் குடுக்கற இன்சூரன்ஸ், ஆம்புலன்சுக்கு 2002ல இருந்து ஒரே ரேட்டு அட்டவணை. சாதா டிரிப்புக்கு 1.00 புள்ளி, அதே எமர்ஜென்சின்னா 1.60, எமர்ஜென்சில பாராமெடிக் (அவசர சிகிச்சைக்குப் பயிற்சி எடுத்தவரு) ஏறி வைத்தியம் பாத்தா 1.90, வண்டிக்குள்ளயே தொண்டைல டியூப் போடற அளவுக்குப் போனா 2.75. இத ஒரு தொகையால பெருக்கி, ஊருக்கு ஏத்தாப்ல கொஞ்சம் கூட்டிக் கொறச்சு, நோயாளி உள்ள இருக்கற மைலுக்கு மட்டும் தனியா காசு. காலி வண்டி ஓடுன தூரத்துக்கு ஒண்ணும் கிடையாது. வீட்டுக்கே வந்து பாத்து சரி பண்ணிட்டு ஏத்தாமப் போனாலும் கிடையாது, இது எனக்குப் பைத்தியக்காரத்தனமாத்தான் படுது. வருஷத்துக்கு மொதல்ல நாமளே கட்ட வேண்டிய தொகை (டிடக்டிபிள்) தாண்டினதும் 80% மெடிகேர் கட்டும், மிச்சம் 20% நம்ம தலைல. டவுனுக்கு 2%, கிராமத்துக்கு 3%, ரொம்ப உள்ள இருக்கற ஊருக்கு 22.6%னு மேல போட்டுக் குடுக்கறாங்க, தற்காலிகம்னு சொல்லிட்டு அமெரிக்க பார்லிமென்ட் (காங்கிரஸ்) நீட்டிக்கிட்டே போவுது. அப்படியும் ரேட்டு கட்டுபடியாகலன்னு அண்ணன் ஆபீஸ்ல ஒரே பொலம்பல்.

ஆனா எங்க அப்பா கேசுல மெடிகேர்தான் ஜெயிக்குது. படுக்கைலயே இருக்காரு, எழுந்திரிக்க முடியாது, நடக்க முடியாது, நாற்காலில உக்கார முடியாது, இந்த மூணும் இருந்து டாக்டரும் எழுதிக் குடுத்தா ஆஸ்பத்திரி டு வீடு டிரிப்பையும் ஒத்துக்கறாங்க. ஆக்சிஜன், கூட ஒரு ஆளு, ராத்திரி நேரம், எல்லாம் அந்த ஒரே ரேட்டுக்குள்ள அடக்கம். கம்பெனி அத ஏத்துக்கிட்டே ஆகணும், மேல கேக்கக்கூடாது. 65க்குக் கீழ பிரைவேட் இன்சூரன்ஸ் வச்சிருக்க பலருக்கு இந்தப் பாதுகாப்பு இல்ல, எதிர்பாராத ஆஸ்பத்திரி பில்லத் தடுக்க 2022ல வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டம்கூட ஹெலிகாப்டர் ஆம்புலன்ச சேத்துக்கிட்டு ரோட்டுல ஓடறத விட்டுருச்சு.

இங்க மலேசியால என் மெடிக்கல் கார்ட்லயும், அதாவது பிரைவேட் ஹெல்த் இன்சூரன்ஸ்லயும், ஆம்புலன்ஸ்னு ஒரு வரி இருக்கு, நம்பிராதீங்க. வார்டுல அட்மிட் ஆனாத்தான் கிளைம், எமர்ஜென்சில ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டா கைக்காசு.

அப்பாவ அடுத்த மாசம் செக்கப்புக்கு எறக்கணும். இந்தத் தடவ மாடிக்கு எவ்ளோ, ஆளுக்கு எவ்ளோ, ஆக்சிஜன் தொறந்தா எவ்ளோ தொறக்காட்டி எவ்ளோன்னு எல்லாத்தையும் வாட்ஸப்ல எழுதி வாங்கிட்டுத்தான் புக் பண்ணேன்.