காலவரிசையா, பொருள்வழியா, ஒரே ஊரா: மேற்கத்தியக் கலை வரலாற்றைப் படிக்க மூன்று வழிகள்

குகை ஓவியங்களில் தொடங்கிக் இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணிப் பேராலயங்கள் வரை நீளும் மேற்கத்தியக் கலை வரலாற்றைத் தாமாகவே படிக்க முனைபவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, கல்லூரிப் பாடத்திட்டங்கள் பின்பற்றும் காலவரிசை. இரண்டாவது, கல், வெண்கலம், மொசைக் (சிறு கட்டிகளைப் பதித்து ஆக்கும் படம்), சுவடிகளுக்கான கன்றுத்தோல், கண்ணாடி என்று பொருளையும் செய்முறையையும் பற்றிக்கொண்டு போவது. மூன்றாவது, ஒரே ஊரை எடுத்துக்கொண்டு அதன் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. ஆனால் மற்ற இரண்டும் எங்கே வலுவானவை என்பதைச் சொல்லாமல் அந்தப் பரிந்துரையை முன்வைப்பது நியாயமாகாது.

எது எதற்குப் பின் வந்தது என்பதே விளக்கமாக அமையும் இடங்களில் காலவரிசைக்கு நிகராக வேறொன்றும் இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள கூரோஸ் என்னும் பளிங்கு இளைஞன் கி.மு. 590 அளவில் செதுக்கப்பட்டவன். ஒரு காலை முன்வைத்திருந்தாலும் உடலின் எடை இரு கால்களிலும் சமமாக இறங்க, விறைப்பாக நிற்கிறான். ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் கிடைத்த கிரித்தியோஸ் இளைஞன் கி.மு. 480 அளவைச் சேர்ந்தவன். எடை ஒரு காலுக்கு மாறியதால் இடுப்பு சற்றே சாய்ந்து, தலையும் லேசாகத் திரும்பியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் இடையில் நிகழ்ந்த மாற்றத்தின் பெருமை புரியும். கோதிக் கட்டடக்கலையும் அப்படியே. மடாதிபதி சூஜே பாரிஸுக்கு அருகிலுள்ள சேன்-தெனி ஆலயத்தின் கீழ்ப்புறத்தைப் புதுப்பித்து 1144-இல் அர்ப்பணித்தார். 1194-இல் தீக்கிரையான ஷார்த்ர் பேராலயம் வெளிப்புறத் தாங்கு வளைவுகளோடு மீண்டும் எழுந்தது. 1248-இல் அர்ப்பணிக்கப்பட்ட பாரிஸின் சேன்த்-ஷப்பேலில் மேல்தளத்துச் சுவர் ஏறக்குறைய மறைந்து கண்ணாடியாகிவிட்டது. சுமார் நூறு ஆண்டுகளில் நடந்த இந்த நகர்வை வரிசை மாற்றிப் படித்தால் அதன் தர்க்கம் சிதறிவிடும்.

எனினும் வரிசை என்பது மெல்ல மெல்ல ஏணியாக மாறிவிடுகிறது என்பதே இந்த வழியின் ஆபத்து. அந்திரே லெருவா-கூரான் என்ற பெரும் அறிஞர் ஐரோப்பியக் குகைக் கலையை எளிய வடிவங்களிலிருந்து முதிர்ந்த வடிவங்களுக்கு வளர்ந்த பாணிகளாக வரிசைப்படுத்தியிருந்தார். 1994-இல் தெற்குப் பிரான்சில் ஷோவே குகை கண்டுபிடிக்கப்பட்டபோது அந்த வரிசை ஆட்டம் கண்டது. நிழலிட்டுத் திரட்சி காட்டிய குதிரைத் தலைகளும், ஒன்றன்மேல் ஒன்று கவிந்து பாயும் சிங்கங்களும் ஏறத்தாழ 36,000 ஆண்டுகள் பழமையானவை என்று கணிக்கப்பட்டன. அதாவது பிரான்சின் மற்றொரு புகழ்பெற்ற ஓவியக் குகையான லாஸ்கோவைவிட மிக முந்தியவை. தொடக்கத்திலேயே முதிர்ச்சி இருந்தது என்பதை ஏணி மனப்பான்மையால் ஏற்க முடிவதில்லை.

ஏணியில் ஏறுவோர் இருந்தால் இறங்குவோரும் இருந்தாக வேண்டும் என்பதால், ரோமின் பிற்காலம் 'சரிவு' என்று முத்திரை குத்தப்படுகிறது. கி.பி. 315-இல் ரோமில் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்காக எழுந்த வளைவைப் பாருங்கள். முந்தைய பேரரசர் ஹேட்ரியன் காலத்து வட்டப் புடைப்புச் சிற்பங்கள் பழைய நினைவுச்சின்னம் ஒன்றிலிருந்து எடுத்து மேலே பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு நேர் கீழே, கான்ஸ்டன்டைன் காலத்தவர் செதுக்கிய பட்டையில் குட்டையான உடலும் பெரிய தலையும் கொண்ட மக்கள் வரிசையாக நிற்க, பேரரசர் நடுவில் நேர்முகமாக இருக்கிறார். இரண்டையும் ஒரே சுவரில் சேர்த்து வைத்தவர்களுக்கு வேறுபாடு தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. யார் தலைவர், யார் கையேந்துபவர் என்பது தொலைவிலிருந்தே தெரிய வேண்டும் என்ற நோக்கத்துக்கு அந்தப் பட்டை மிகப் பொருத்தமானது. காலவரிசையை மட்டும் நம்பிப் படிப்பவர் இந்த நோக்கத்தைக் கவனிக்காமலேயே அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்.

பொருள்வழிப் படிப்பு கேட்பது வேறு வகைக் கேள்விகள்: இது எதனால் ஆனது, எவ்வளவு பெரியது, கை எப்படி வேலை செய்தது? அச்சிட்ட பக்கத்தில் 11 செ.மீ. உயரமுள்ள, வரலாற்றுக்கு முந்தைய வில்லன்டார்ஃப் பெண்ணுருவமும் ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள, இடைக்காலத்துப் பேயூ பூவேலைத் துணியும் ஒரே அகலத்தில் இருப்பதால், முதல் கேள்விகளாக இவற்றைக் கேட்பது அவசியம். கிரேக்கச் சிற்பி பொலிக்லைத்தோஸின் ஈட்டி ஏந்தியவன் சிலை கி.மு. 440 அளவில் வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. அந்த மூலம் அழிந்துவிட்டது. நாம் அறிந்திருப்பவை ரோமானியப் பளிங்குப் பிரதிகள். பொம்பெய்யில் கிடைத்து இப்போது நேப்பிள்ஸில் இருக்கும் பிரதியில் காலை ஒட்டி ஒரு மரத்தண்டு நிற்கிறது. அதற்குக் கதை தேட வேண்டியதில்லை: பளிங்கால் ஆன கணுக்கால் அத்தனை எடையைத் தாங்காது என்பதால் சேர்த்த முட்டு அது. உள்ளீடற்று வார்த்த வெண்கலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. 1972-இல் தென் இத்தாலியின் ரியாச்சே கடலிலிருந்து எடுக்கப்பட்ட, வெண்கலச் சிலைகளான இரண்டு கிரேக்க வீரர்கள் எந்த முட்டும் இல்லாமல் நிற்கிறார்கள். உதடுகள் செம்பு, ஒருவனுக்குப் பற்கள் வெள்ளி. வெண்ணிறப் பளிங்கே கிரேக்கக் கலை என்று பழகிய கண்ணுக்கு இந்த ஒரு வாய் போதும், பார்வையைத் திருத்திக்கொள்ள.

மொசைக்குக்கும் இது பொருந்தும். இத்தாலியின் ராவென்னா நகரில் சான் விட்டாலே ஆலயத்தில் (அர்ப்பணிப்பு 547) உள்ள, பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசர் ஜஸ்டினியன், பேரரசி தியோடோரா காட்சிகளைப் புத்தகத்தில் பார்ப்பவர் அவை தட்டையானவை என்று குறை சொல்வார். கண்ணாடிக்கு இடையே பொன் தகடு வைத்து ஆக்கிய சிறு கட்டிகள் வெவ்வேறு சாய்வில் பதிக்கப்பட்டால், நடந்து செல்பவரின் கண்ணுக்கு ஒளி ஒவ்வோர் அடியிலும் மாறும் என்று அறிந்தவர் அந்தக் குறையைச் சொல்லமாட்டார். கையெழுத்துச் சுவடிகளில் இந்த வழி இன்னும் நுட்பமான பலன் தருகிறது. 8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்த லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடியின் நீலம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. வேதி ஆய்வோ அதைத் தாவர நீலம் என்று காட்டியது, நம் அவுரிச் சாயத்தில் உள்ள அதே நிறப்பொருள். தொலைதூர வணிகம் பற்றி அந்த ஒரு நிறத்தை வைத்துக் கட்டிய ஊகம் அதோடு விழுந்தது.

இந்த வழி ஊமையாகிவிடும் இடமும் சான் விட்டாலேயிலேயே இருக்கிறது. தியோடோராவின் அங்கியின் கீழ்விளிம்பில் குழந்தை இயேசுவைக் காணப் பரிசுகளுடன் செல்லும் மூன்று ஞானியர் பூவேலையாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள்; அவள் கையிலும் காணிக்கைக் கிண்ணம். பேரரசியின் கொடையை ஞானியரின் கொடைக்கு இணைவைக்கும் அந்த அரசியலைக் கண்ணாடியின் இயல்பு சொல்லாது. அதற்கு வழிபாடும் வரலாறும் தெரிய வேண்டும்.

ஒரே ஊர் என்ற வழி கவர்ச்சியானது, ஆனால் முதல் வழியாக அது பொருந்தாது. ரோமின் சான் கிளெமென்டேயில் 12-ஆம் நூற்றாண்டு ஆலயத்தின் கீழே 4-ஆம் நூற்றாண்டு ஆலயமும், அதன் கீழே மித்ராஸ் என்ற பண்டைத் தெய்வத்தின் வழிபாட்டிடத்தோடு கூடிய பழைய ரோமானியக் கட்டடங்களும் உள்ளன. படியிறங்கினாலே நூற்றாண்டுகள் விளங்கும். ஆனாலும் அங்கே லாஸ்கோவும் இல்லை, ஷார்த்ரும் இல்லை. இந்த வழியின் தனிச்சிறப்பு, ஒரு படைப்பின் பிற்கால வாழ்வைக் காட்டுவது. ராவென்னாவின் சான்த் அப்போலினாரே நுவோவோ ஆலயத்தில் கோத் அரசர் தியோடோரிக்கின் அரண்மனையைக் காட்டும் மொசைக்கில், பைசாந்தியர் ஊரைக் கைப்பற்றிய பிறகு மனித உருவங்களை நீக்கித் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். தூண்களின்மேல் நீண்டிருந்த சில கைகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அரண்மனை யாருடையது, அழித்தது யார் என்ற இரண்டு காலமும் அந்தக் கைகளில் தெரிகின்றன. காலவரிசைப் புத்தகம் அந்த மொசைக்குக்கு ஒரே ஆண்டைத்தான் எழுதும்.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இது: முக்கிய ஆண்டுகளை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, கல், வெண்கலம், மொசைக், கன்றுத்தோல், கண்ணாடி என்று ஒவ்வொரு பொருளாகப் படிக்கலாம், அதன் பிறகு ராவென்னாவையோ ரோமையோ ஊராக எடுத்துக்கொள்ளலாம். எழுத்துச் சான்று எதுவும் இல்லாத வரலாற்றுக்கு முந்தைய பகுதியை, கண்ணும் கையும் ஓரளவு பழகிய பின் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. நுண்கலைத் தேர்வு எழுதுபவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை, காலவரிசையைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அதன் உயரத்தையும் மூலப்பொருளையும் பென்சிலால் குறித்துவைப்பதற்கு எந்தப் பாடத்திட்டமும் தடையில்லை.