இடப்பக்கச் சாலைக்கு வந்த கேம்பர் வேன்: ஸ்டிக்கர், புது ஹெட்லைட், பட்டறை வேலை பற்றிய மதிப்பீடு

வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாட்டிலிருந்து இறக்குமதி செய்த கேம்பர் வேனை (உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வேன்) இடப்பக்கச் சாலைகளில் ஓட்டத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. இந்தக் காலத்தில் விளக்குகளுக்காக நான் வாங்கியவை இரண்டு: முதலில் ஹெட்லைட்டின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் செட், பிறகு இடப்பக்கப் போக்குவரத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட முழு ஹெட்லைட் ஜோடி. இவற்றுடன், அந்த ஜோடியைப் பொருத்தி, பின்பக்கப் பனிமூட்ட விளக்கையும் இடம் மாற்றிக் கொடுத்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையின் வேலையையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன். சில வாரங்கள் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும் வேனுக்கு ஸ்டிக்கர் போதும். இங்கேயே தங்கப்போகும் வேனுக்கு ஹெட்லைட்டையே மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் மாற்ற வேண்டும் என்பது ஒரு வெள்ளைச் சுவருக்கு எதிரே வேனை நிறுத்தி டிம்மைப் போட்டாலே தெரிந்துவிடும். வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஒரு பாதியில் கிடைக்கோடாக நின்று, மறு பாதியில் ஏறத்தாழ 15 டிகிரி சாய்வில் மேலே ஏறுகிறது. ஏறும் பாதி சாலையோரத்தில் நடப்பவரையும் வழிகாட்டிப் பலகையையும் காட்டுவதற்காக. கிடையாக நிற்கும் பாதி எதிரே வருபவரின் கண் கூசாமல் இருப்பதற்காக. வலப்பக்க நாட்டு விளக்கில் ஏறும் பாதி வலதுபுறம் இருக்கும். அதை அப்படியே இடப்பக்கம் ஓட்டினால், எதிரே வருபவரின் முகத்தில் வெளிச்சம் அடிப்பதோடு, நமக்கு வேண்டிய இடது ஓரமும் இருட்டில் கிடக்கும். முதல் இரவிலேயே, குறுகலான ஓர் இருவழிச் சாலையில், எதிரே வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு லைட் அடித்துக் காட்டின. பிரைட்டில் ஓட்டுகிறேனோ என்று டேஷ்போர்டைப் பார்த்தால், பிரைட் எரிவதைக் காட்டும் நீல விளக்கு எரியவே இல்லை. ஹெட்லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொன்னார்கள். இறக்கினால் கூச்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதோடு முன்னே தெரியும் தூரமும் குறைந்துவிடும். இடது ஓரத்துக்கு வெளிச்சம் வந்து சேராது.

ஸ்டிக்கர் செட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இவற்றில் இரண்டு வகை உண்டு: ஏறும் பாதியைக் கருப்பாக மறைத்துவிடுவது ஒன்று, பட்டகம் போன்ற நுண்ணிய கோடுகளால் ஒளியைத் திருப்பிவிடுவது மற்றொன்று. நான் வாங்கியது இரண்டாவது வகை. ஹெட்லைட்டில் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் ஒட்ட வேண்டும் என்று வண்டி மாடல்வாரியாகப் படம் போட்ட தாள் உடன் வந்தது. அதைப் பின்பற்றி ஒட்டியதும் எதிரே வருபவர்கள் லைட் அடிப்பது நின்றது. அந்த அளவில் சொன்னதைச் செய்த பொருள்தான் அது. ஆனால் இடது ஓரம் துலக்கமாகத் தெரியவில்லை, மொத்த வெளிச்சமும் மங்கியது. இரண்டாம் மாதத்தில் பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவியபோது ஒரு மூலை பெயர்ந்து, அதனடியில் தூசி ஏறியது. உரித்தெடுத்தபோது பிளாஸ்டிக் முகப்பில் பசை தங்கிவிட, அதைக் கீறல் விழாமல் துடைத்தெடுக்க ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று.

புது ஹெட்லைட் வாங்கும் முன், உங்கள் வேனில் இருப்பது என்ன வகை என்று பார்த்துவிடுங்கள். புரொஜெக்டர் வகை (பல்புக்கு முன்னால் குவிவில்லை வைத்த) விளக்குகள் சிலவற்றில், பின்மூடியைக் கழற்றினால், வெளிச்சத்தின் சாய்வை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றும் சிறு நெம்புகோல் இருக்கும். சில எல்இடி விளக்குகளில் இதை டேஷ்போர்டு மெனுவிலேயே செய்துவிடலாம். அப்படிப்பட்ட வேனுக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை. என்னுடையது ரிஃப்ளெக்டர் வகை, அதாவது பல்புக்குப் பின்னால் இருக்கும் வளைந்த பளபளப்பான பரப்பு ஒளியை முன்னால் திருப்பும் வகை; ஹாலஜன் பல்பு. இந்த வகையில் வெளிச்சத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது ரிஃப்ளெக்டரின் வளைவுதான் என்பதால், பல்பை மாற்றிப் பயனில்லை.

வாங்கும்போது பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. உதிரிபாகப் பட்டியல்களில் ஹெட்லைட்டை ஸ்டியரிங் இருக்கும் பக்கத்தை வைத்தே வகைப்படுத்துகிறார்கள். என் வேனின் ஸ்டியரிங் இன்றும் இடதுபுறம்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு வேண்டியது வலது ஸ்டியரிங் மாடலின் ஹெட்லைட், ஏனெனில் விளக்குக்கு வண்டி சாலையின் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கணக்கு. இதை உறுதி செய்துகொள்ள, ஐ.நா. விதிமுறைப்படி அங்கீகாரம் பெற்ற ஹெட்லைட்டின் முகப்பிலேயே வழி இருக்கிறது. வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும் இடத்தருகே, ஹெட்லைட்டை எதிரில் நின்று பார்ப்பவரின் வலதுகைப் பக்கம் நோக்கி ஓர் அம்புக்குறி இருந்தால், அது இடப்பக்கப் போக்குவரத்துக்கானது. இரு முனையிலும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் பொருந்தும். அம்பே இல்லையென்றால் வலப்பக்கப் போக்குவரத்துக்கு மட்டுமே. நான் முதலில் விலை பேசிய ஜோடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அம்பு இல்லை; விற்பவர் பொருந்தும் என்று உறுதி சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டேன். பிறகு வாங்கிய ஜோடியில் அம்பு சரியான பக்கம் இருந்தது.

அந்த ஜோடிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். கனெக்டர்கள் அப்படியே பொருந்தின, ஸ்க்ரூ துளைகள் இம்மியும் பிசகவில்லை. வெளிச்சத்தின் உயரத்தை உள்ளிருந்து ஏற்றி இறக்கும் சிறு மோட்டார் மட்டும் உடன் வரவில்லை. பழைய ஹெட்லைட்டிலிருந்து கழற்றிப் போட வேண்டியிருந்தது. அன்றிரவு சாலையின் இடது விளிம்பில் வெள்ளைக் கோடும், அதையடுத்த புல்லும், வெகு முன்னால் ஒரு மைல்கல்லும் தெளிவாகத் தெரிந்தபோது, எட்டு வாரங்களாக எதைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்து உண்மையிலேயே பயந்துபோனேன்.

பட்டறையின் வேலையில் எனக்குக் குறை என்றால் அது வெளிச்சத்தின் உயரத்தைச் சரிசெய்த விதம்தான். வேனைக் காலியாக வைத்தே சரிசெய்துவிட்டார்கள். கேம்பர் வேனுக்குப் பின்சக்கரத்துக்கு அப்பால் நீளும் பகுதி அதிகம். தண்ணீர்த் தொட்டி நிரம்பி, கேஸ் சிலிண்டரும் சாமான்களும் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து முகப்பு தூக்கிக்கொள்ளும், வெளிச்சமும் கூடவே தூக்கிக்கொள்ளும். முதல் பயணத்திலேயே எதிரே வந்தவர்கள் மறுபடி லைட் அடித்தார்கள். திரும்பப் போய்ச் சொன்னபோது, மறுபேச்சில்லாமல் முழுச் சுமையோடு மீண்டும் சரிசெய்து கொடுத்தார்கள். என் வேனில் விளக்கின் மையம் தரையிலிருந்து 85 செ.மீ. உயரத்தில் இருக்கிறது; வெளிச்சம் கீழ்நோக்கிச் சாய வேண்டியதாக வண்டியில் பொறித்திருக்கும் அளவு 1.2 சதவீதம். அதாவது 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் கிடைக்கோடு 12 செ.மீ. இறங்கி, 73 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும். சமதளம், டயரில் சரியான காற்று, உள்ளே இருக்கும் உயரத் திருகு பூஜ்யத்தில் இருப்பது ஆகிய மூன்றையும் பார்த்துக்கொண்டால், சுவரில் டேப் ஒட்டி யாரும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எல்லோரும் மறந்துவிடும் விளக்கு பின்னால் இருக்கிறது. பின்பக்கப் பனிமூட்ட விளக்கு ஒன்றே ஒன்று என்றால், அது போக்குவரத்துப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலோ நடுவிலோ இருக்க வேண்டும் என்கிறது வண்டி விளக்குகளைப் பொருத்துவது பற்றிய ஐ.நா.வின் 48ஆம் விதிமுறை. இடப்பக்கம் ஓட்டும் இடத்தில் அது வலதுபுறம் என்றாகும். என் வேனில் அது இடதுபுறம், ரிவர்ஸ் விளக்கு வலதுபுறம். பல்புகளை மாற்றிப் போட்டுவிடலாம் என்று எண்ணினால், ஒன்றின் மூடி சிவப்பு, மற்றதன் மூடி வெள்ளை. ஆகவே வலதுபுறம் தனி விளக்கு ஒன்றைப் பொருத்தச் சொன்னேன். பிரேக் விளக்கிலிருந்து 100 மி.மீ.க்கு மேல் தள்ளி, தரையிலிருந்து 250 முதல் 1000 மி.மீ. உயரத்துக்குள் அது இருக்க வேண்டும் என்ற அளவுகளைப் பட்டறைக்காரர் நான் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தார். பழைய ஒயரை வெட்டி ஒட்டாமல், பம்பருக்குப் பின்னால் உறையிட்ட கேபிளை இழுத்து, துளைகளுக்கெல்லாம் ரப்பர் வளையம் போட்டு, தண்ணீர் புகாத கனெக்டரில் முடித்தார். இடதுபுறப் பல்பைக் கழற்றியதும், பல்பு எரியவில்லை என்ற எச்சரிக்கை டேஷ்போர்டில் வருகிறதா என்றும் பார்த்தார். சுமையைப் புது விளக்கு ஏற்றுக்கொண்டதால் வரவில்லை. இந்த ஒரு வேலைக்காகவே அந்தப் பட்டறைக்கு மறுபடி போவேன்.

மற்ற விளக்குகளில் கைவைக்க வேண்டியிருக்கவில்லை. பிரைட் இரு பக்கமும் ஒரே மாதிரி விழுவது. முன்பக்கப் பனிமூட்ட விளக்கும் அப்படியே. அமெரிக்காவிலிருந்து வரும் வேன்களில் பின் இண்டிகேட்டர் சிவப்பாக இருப்பது உண்டு, அது தனி வேலை. வீட்டுப் பகுதியின் கதவு மட்டும் இன்னும் வலதுபுறம்தான் திறக்கிறது, அதாவது வண்டிகள் போகும் பக்கம். ஒகினாவா 1978 ஜூலை 30 அன்று வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறியபோது, இடதுபுறம் கதவு வைத்த புதுப் பேருந்துகளையே இறக்க வேண்டியிருந்தது. நான் அந்தளவுக்குப் போகவில்லை. கதவின் உள்விளிம்பில், திறந்தால் பின்னால் வருபவருக்குத் தெரியும்படி சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன்.