ஒன்பது வருஷமா காதால வெப்சைட் பார்க்கிறேன்: என்விடிஏ அனுபவம்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. 2016ல டிகிரி முடிச்சிட்டு போட்டித் தேர்வுக்குப் படிக்க ஆரம்பிச்சப்ப ஒரு பழைய லேப்டாப்ல என்விடிஏ போட்டேன், ஸ்க்ரீன்ல இருக்கிறதைக் குரல்ல படிச்சுச் சொல்ற ஸ்க்ரீன் ரீடர் அது, அதுக்கப்புறம் லேப்டாப் ரெண்டு மாறிடுச்சு, ஸ்க்ரீன் ரீடர் மாறல. பேங்க், கரண்ட் பில், பஸ் டிக்கெட், நியூஸ், வேலை அப்ளிகேஷன் எல்லாம் இது வழியாத்தான். ஜாஸ்னு காசு குடுத்து வாங்குற இன்னொரு ஸ்க்ரீன் ரீடர் உண்டு, அப்ப அதோட லைசன்ஸ் வாங்குற நிலைமையில நான் இல்ல. என்விடிஏ ஃப்ரீ. ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்னு ஒருத்தர் 2006ல எழுத ஆரம்பிச்சது, அவருக்கும் பார்வை இல்ல. தனக்கு வேணும்னு ஒருத்தர் எழுதுனது இன்னைக்கு என் வீட்டுல ஓடுதுன்னு நினைக்கிறப்ப அவர்மேல எனக்கு அவ்வளவு மரியாதை.

அதுலயே வர்ற ஈஸ்பீக் தமிழ்க் குரல் முதல் ஒரு மாசம் தலைவலிதான், தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கும், அப்புறம் காது பழகிடும். இப்ப நான் வச்சிருக்கிற வேகத்துல என் தங்கச்சிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது.

பார்வை இருக்கிறவங்க நிறைய பேரு நாங்க பேஜை மேல இருந்து கீழ வரைக்கும் முழுசா கேக்குறோம்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. ஹெச் அமுக்குனா அடுத்த ஹெட்டிங், இ அமுக்குனா டைப் பண்ற பெட்டி, பி அமுக்குனா பட்டன், இப்படித் தாவித் தாவித்தான் போவோம். ஆனா இது நடக்கணும்னா ஹெட்டிங்கை சைட்டோட கோடிங்லயும் ஹெட்டிங்னு சொல்லியிருக்கணும், வெறுமனே எழுத்தைப் பெருசாக்கி போல்டு பண்ணி வச்சா கண்ணுக்கு அது தலைப்பு, எனக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான். பட்டனுக்குப் பேரு வைக்கலன்னா "பட்டன்"னு மட்டும் சொல்லும். லிங்க் வச்ச படத்துக்கு விளக்கம் போடலன்னா ஃபைல் பேரை அண்டர்ஸ்கோர், டாட்டோட நம்பர் நம்பரா ஒப்பிக்கும். ஒரு பஸ் டிக்கெட் சைட்ல சீட் எடுக்கிற இடத்துல எனக்குக் கேட்டது "கிளிக்கபிள், கிளிக்கபிள், கிளிக்கபிள்"னு நாப்பது தடவை. எது ஜன்னலோரம், எது காலியா இருக்கு, எதுவும் தெரியல. கடைசியில ஃபோன் பண்ணித்தான் புக் பண்ணேன்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் மனசைவிட்டுப் போகல. 2019ல என் பேங்க் சைட்ல லாகின்ல கேப்சா வச்சாங்க, படத்துல இருக்கிற எழுத்தைப் பார்த்து அடிக்கணும், ஆடியோ கிடையாது. வீட்டுல யாரும் இல்ல, பணம் அன்னைக்கே அனுப்பியாகணும், தெருமுனை ப்ரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்தத் தம்பி நல்ல பையன். "அண்ணே, பாஸ்வேர்டு சொல்லுங்க, நான் அடிச்சிர்றேன்"னான். பின்னாடி ரேஷன் கார்டு திருத்த நாலு பேரு நிக்கிறாங்க. குரலைத் தாழ்த்தி ஒவ்வொரு எழுத்தா சொன்னேன், முதல் எழுத்து பெருசு தம்பி, அடுத்தது சின்னது, கடைசியில நம்பர்னு. அவனுக்குக் கேக்கல, "சத்தமா சொல்லுங்கண்ணே"ன்னான். சொன்னேன். அப்புறம் ஓடிபியும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாத்திடலாம்னு பார்த்தா, உள்ள போறதுக்கே அதே கேப்சா.

என் பணம் ஒரு ரூபா போகல. ஆனா சம்பளம் எவ்வளவு, பேலன்ஸ் எவ்வளவு, யாருக்கு அனுப்புறேன் எல்லாம் அன்னைக்குத் தெருவுக்கே தெரிஞ்சிடுச்சு. உதவிக்கு ஆள் இருக்காங்களேன்னு சொல்றவங்களுக்கு இதைத்தான் சொல்வேன், உங்க பாஸ்வேர்டை நீங்க யார்கிட்ட சத்தமா சொல்வீங்க?

வீடியோ கேஒய்சி, அதாவது நாம யாருன்னு பேங்க் கேமரா வழியா சரிபார்க்கிறது, இன்னொரு கொடுமை. "கண்ணைச் சிமிட்டுங்க"ன்னு சொல்லும், நான் சிமிட்டினாலும் கேமரா எங்க இருக்கு, முகம் கட்டத்துக்குள்ள இருக்கான்னு யாரும் சொல்ல மாட்டாங்க. இதே பிரச்சனையை ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களும் பார்வையில்லாத ஒருத்தரும் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டு போய், 2025 ஏப்ரல் 30ல தீர்ப்பு வந்துச்சு. டிஜிட்டல் வசதி கிடைக்கிறது அரசியல் சாசனம் 21ம் பிரிவு சொல்ற வாழ்வுரிமையில சேர்த்தினு சொல்லி 20 உத்தரவு போட்டாங்க. அதை முழுசா கேட்டு முடிச்சப்ப என்னையறியாம அழுகை வந்துச்சு.

தமிழ் சைட்டுகளுக்குன்னு தனிப் பிரச்சனை ஒண்ணு இருக்கு. யூனிகோட்ல இருந்தா ஒரு சிக்கலும் இல்ல. இங்கிலீஷ் எழுத்தையே தமிழ் உருவத்துல காட்டுற பழைய பாமினி ஃபாண்ட்ல அடிச்ச பிடிஎஃப் வந்தா, கண்ணுக்குத் "தமிழ்"னு தெரியுற வார்த்தையை எழுத்து எழுத்தா கேட்டா "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்"னு வரும். ஸ்கேன் பண்ணி அப்படியே போட்டாங்கன்னா அதுகூட வராது, வெறும் காலிப் பக்கம். இன்னொண்ணு, பேஜ் தமிழ்ல இருக்கும், ஆனா கோடிங்ல மொழி இங்கிலீஷ்னு போட்டிருப்பாங்க, இங்கிலீஷ் குரல் தமிழைப் படிக்கப் போய்த் தடுமாறும். அந்த இடத்துல தமிழுக்கான டி, ஏன்னு ரெண்டே எழுத்து மாத்தினா போதும், சரியாயிடும்.

நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படின்னு சொல்ல முடியாது. வெப்எய்ம்னு ஒரு அமைப்பு, எங்களை மாதிரி ஆளுங்களும் பயன்படுத்த முடியுதான்னு வருஷாவருஷம் பத்து லட்சம் ஹோம் பேஜை டெஸ்ட் பண்றாங்க, 2025ல 94.8 சதவீதத்துல ஏதாவது ஒரு குறை. வழிகாட்டி இல்லாம இல்ல, எல்லாரும் பயன்படுத்துற மாதிரி சைட் பண்றது எப்படின்னு சொல்ற டபிள்யூசிஏஜி விதிகளோட முதல் பதிப்பு 1999லயே வந்தாச்சு, 2.2 வந்தது 2023 அக்டோபர்ல. சைட் பண்ற தம்பி தங்கச்சிங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான், மவுஸைக் கழட்டி வச்சிட்டு பத்து நிமிஷம் டேப் கீயை மட்டும் வச்சு உங்க சைட்ல ஒரு வேலையை முடிச்சுப் பாருங்க, அப்புறம் என்விடிஏ போட்டுக் கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு தடவை.

கேட்டா மாத்துறவங்களும் இருக்காங்க. போன வருஷம் ஒரு மளிகை சைட்டுக்கு எந்த பட்டன் என்ன சொல்லுதுன்னு வரிசையா எழுதி மெயில் போட்டேன். மூணு வாரத்துல சரி பண்ணி, டெவலப்பரே கால் பண்ணி "சார், இப்ப கேட்டுப் பாருங்க"ன்னார், "கூடையில் சேர், துவரம்பருப்பு, ஒரு கிலோ"ன்னு என் லேப்டாப் சொன்னப்ப எவ்வளவு சந்தோஷம்! எட்டு மாசம் நானேதான் வீட்டுக்குச் சாமான் வாங்குனேன். இந்த மாசம் டிசைனை மாத்திட்டாங்க, திரும்பவும் பட்டன், பட்டன், பட்டன். அந்த டெவலப்பர் இப்ப அங்க இல்லையாம். பழைய மெயிலையே எடுத்துத் திருத்தி மறுபடி அனுப்பியிருக்கேன், பதினோரு நாளாச்சு.