அல்சைமரைக் கண்டறிய: ரத்தமா, முதுகுத்தண்டு நீரா, பெட் ஸ்கேனா?

அல்சைமர் நோயைக் கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதல்முறையாக 2025 மே மாதம் அனுமதி கொடுத்தது. ஃபூஜிரேபியோ நிறுவனத்தின் லுமிபல்ஸ் பரிசோதனை அது. அதுவரை அமிலாய்டு என்ற புரதத்தைத் தேட எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற வழிகள் இரண்டே இரண்டுதான். ஒன்று, முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரை எடுத்துப் பார்ப்பது. இன்னொன்று, அமிலாய்டு பெட் ஸ்கேன். இனி ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் போதும், மற்ற இரண்டும் வேண்டாம் என்ற நம்பிக்கை பலரிடம் வந்துவிட்டது. பெரும்பாலோருக்கு அது உண்மையாகவும் ஆகலாம். ஆனால் யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்பதைப் பார்க்காமல் அப்படிச் சொல்வது ஆபத்து.

மூன்றும் தேடுவது ஒன்றைத்தான். அமிலாய்டு பீட்டா என்ற புரதம் மூளையில் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 1906ல் அலாய்ஸ் அல்சைமர் தன் நோயாளியின் மூளையை, அவர் இறந்த பிறகு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துச் சொன்ன அதே திட்டுகள்தான். மறதி தெரியத் தொடங்குவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்பே இவை சேரத் தொடங்கிவிடுகின்றன. ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்ற பேச்சுக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

முதலில் பெட் ஸ்கேன். திட்டில் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளை நரம்பில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான முதல் பொருளில் இருந்தது கார்பன்-11. அதன் கதிரியக்கம் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், வளாகத்திலேயே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் வைத்திருக்கும் ஆராய்ச்சி மருத்துவமனைகளைத் தாண்டி அது போகவில்லை. 2012ல் அனுமதி பெற்ற ஃப்ளோர்பெட்டாபிர் ஃப்ளூரின்-18ஐப் பயன்படுத்துகிறது. அது பாதியாகக் குறைய 110 நிமிடம் ஆகும். ஓரளவு தூரம் கொண்டுபோகலாம். ஆனாலும் இன்று தயாரித்ததை இன்றே செலுத்தியாக வேண்டும்.

இதன் பலம், திட்டை நேரடியாகக் காட்டுவது. இறக்கும் தறுவாயில் இருந்தவர்கள் சம்மதித்து ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் அவர்களின் மூளையைப் பிரேதப் பரிசோதனையில் ஒப்பிட்டுப் பார்த்தே இதன் துல்லியம் உறுதியானது. அமெரிக்காவில் 11,000க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த ஐடியாஸ் ஆய்வில், ஸ்கேன் முடிவு வந்தபின் சுமார் 60 சதவீதம் பேருக்குச் சிகிச்சைத் திட்டம் மாறியது. இது 2019ல் வெளிவந்தது. திட்டைக் கரைக்கும் டொனனெமாப் மருந்தின் சோதனையிலும் திட்டு கரைந்துவிட்டதா என்று பார்த்து ஊசியை நிறுத்த இதைத்தான் பயன்படுத்தினார்கள். குறை, செலவு. அமெரிக்காவில் ஒரு ஸ்கேனுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர்கூட, ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு ஒரே ஒரு ஸ்கேன் என்றிருந்த கட்டுப்பாட்டை 2023 அக்டோபரில்தான் நீக்கியது.

அடுத்தது மூளைத் தண்டுவட நீர். மூன்றில் இதைத்தான் மக்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள் என்பது என் கருத்து. இடுப்பெலும்புக்கு மேலே, தண்டுவடம் முடிந்துவிட்ட இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது. எடுப்பது சில மில்லிலிட்டர். உடல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்கு இந்த நீரைச் சுரப்பதால், எடுத்தது சீக்கிரமே நிரம்பிவிடும். சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி வரும். முனை மழுங்கிய மெல்லிய ஊசியைப் பயன்படுத்தினால் அதுவும் வெகுவாகக் குறையும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத்தான் உண்மையான தடை. ஸ்வீடனின் நினைவாற்றல் மருத்துவமனைகளில் இது பல ஆண்டுகளாகச் சாதாரணமாக நடக்கிறது.

இந்த நீரில் பார்ப்பது அமிலாய்டு பீட்டாவின் 42, 40 என்ற இரண்டு வகைகளுக்கு இடையே உள்ள விகிதம். 42 என்ற வகை திட்டில் போய்ச் சிக்கிக்கொள்வதால் நீரில் அதன் அளவு விழுந்துவிடும். அதாவது, குறைந்தால்தான் கெட்ட செய்தி. ஒரு சின்ன விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: இந்தப் புரதம் கண்ணாடியிலும் சில வகைப் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். நீரைப் பாலிப்ரொப்பிலின் குழாயில் பிடிக்காவிட்டால், நோயே இல்லாதவருக்கும் அளவு குறைந்ததாக முடிவு வரலாம். துல்லியத்தில் பெட் ஸ்கேனுக்குச் சமம், செலவில் அதைவிட மிகக் குறைவு. போதாததற்கு அமிலாய்டையும், அல்சைமரில் நரம்புச் செல்களுக்குள் முடிச்சாகச் சேரும் டாவ் புரதத்தையும் எடுத்த அதே நீரிலேயே பார்த்துவிடலாம்.

இனி ரத்தம். மூளைப் புரதம் ரத்தத்துக்கு வந்து சேர்வது மிகச் சொற்பம். ஒரு மில்லிலிட்டரில் பிகோகிராம் கணக்கு, அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவு. தனித்தனி மூலக்கூறுகளை எண்ணும் சிமோவா போன்ற கருவிகள் வந்த பிறகே இது சாத்தியமானது. ஆனால் எந்தப் புரதத்தை அளப்பது? இங்குதான் ரத்தப் பரிசோதனைகளுக்குள்ளேயே ஒரு பெரிய பிரிவு இருக்கிறது.

முதலில் வந்தவை அமிலாய்டு 42/40 விகிதத்தை ரத்தத்தில் பார்த்தன. தண்டுவட நீரில் நோய் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இந்த விகிதத்தில் தெளிவான இடைவெளி இருக்கும். ரத்தத்திலோ அது பத்துப் பதினைந்து சதவீதம்தான். அமிலாய்டு உடலின் மற்ற பாகங்களிலும் உற்பத்தியாவதே காரணம். ஆய்வகத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம் நடந்தாலே முடிவு மறுபக்கம் சாய்ந்துவிடும். பி-டாவ்217 அப்படியல்ல. டாவ் புரதத்தின் 217ஆவது இடத்தில் பாஸ்பேட் ஒட்டிய வடிவம் இது. திட்டு உள்ளவர்களிடம் இரண்டு மூன்று மடங்கு கூடிவிடுகிறது. ரத்தப் பரிசோதனை எடுத்தேன் என்று ஒருவர் சொன்னால் என் முதல் கேள்வி, பார்த்தது பி-டாவ்217ஆ, வெறும் அமிலாய்டு விகிதமா என்பதுதான். இரண்டும் ஒரே தரத்தில் இல்லை.

லுமிபல்ஸ் இரண்டையும் சேர்த்து, பி-டாவ்217ஐ அமிலாய்டு 42ஆல் வகுத்துப் பார்க்கிறது. எஃப்.டி.ஏ. பரிசீலித்த ஆய்வில் 499 பேர். ஆம் என்று வந்தவர்களில் 91.7 சதவீதம் பேருக்கு ஸ்கேனிலோ தண்டுவட நீரிலோ அது உறுதியானது. இல்லை என்று வந்தவர்களில் 97.3 சதவீதம் சரி. ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு ஆம் என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல் இடைப்பட்ட முடிவு வந்தது. இதைப் பரிசோதனையின் தோல்வியாக நான் பார்க்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பரிசோதனையையே நம்பலாம். ஒரே ஒரு எல்லைக்கோடு போட்டு எல்லாரையும் இரண்டாகப் பிரித்துவிடும் அறிக்கையைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும்.

சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு பி-டாவ்217 ரத்தத்தில் தேங்கி, நோய் இல்லாமலே கூடுதலாகக் காட்டலாம். உடல் பருமன் உள்ளவர்களுக்குக் குறைவாகக் காட்டலாம். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தே வரும் நம் ஊரில் இது பெரிய விஷயம். எல்லைக்கோடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களின் ரத்தத்தை வைத்தே நிர்ணயிக்கப்பட்டவை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற நினைவிழப்பு இருப்பதாக லாசி-டாட் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. இவ்வளவு பேர் இருக்கும் நாட்டுக்கு அதன் சொந்த எல்லைக்கோடுகள் வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு தெரியாமல் பி-டாவ் எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் நோய்ப்பெயர் சூட்டக் கூடாது.

இதைவிட முக்கியம், யாருடைய ரத்தம் என்பது. 90 சதவீதம் துல்லியமான ஒரு பரிசோதனையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நினைவாற்றல் மருத்துவமனைக்கு வந்த 1,000 பேரில் 600 பேருக்குத் திட்டு இருக்கிறது என்று வையுங்கள். 540 பேருக்குச் சரியாக ஆம், 40 பேருக்குத் தவறாக ஆம். ஆம் என்று வந்தால் நம்பலாம். அதையே எந்தத் தொல்லையும் இல்லாத, 100 பேருக்கு மட்டுமே திட்டு இருக்கும் 1,000 பேரிடம் செய்தால் 90 பேருக்குச் சரியாக ஆம், 90 பேருக்குத் தவறாக ஆம். இது நாணயத்தைச் சுண்டிப் போடுவதற்குச் சமம். அந்தச் சரியான 90 பேரிலும் எல்லாருக்கும் மறதி வரப்போவதில்லை. நினைவாற்றல் நன்றாக இருப்பவர்களிலேயே 50 வயதில் சுமார் 10 சதவீதம், 90 வயதில் 44 சதவீதம் பேருக்கு அமிலாய்டு இருக்கிறது. அதனால் மறதி இல்லாதவர்கள், பயத்துக்காகவோ ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இருக்கிறது என்பதற்காகவோ இதை எடுக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். எஃப்.டி.ஏ. அனுமதியும் அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

அறிகுறி இருந்தால்? இந்த மூன்றுக்கும் முன்னால் சில நூறு ரூபாய் ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன. பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை. சர்க்கரைக்குப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கும் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். அந்தக் குறையாலும் ஞாபகம் தடுமாறும். மனச்சோர்வு, தூக்க மாத்திரை, காது கேளாமை எல்லாம் டிமென்ஷியா போலவே தோன்றும். இவற்றைச் சரிசெய்ய வழியுண்டு. அல்சைமருக்கோ லெக்கனெமாப் போன்ற மருந்துகள் இருந்தும், 18 மாதச் சோதனையில் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது மட்டும்தான் பலன். அதுவும் மூளை வீக்கம், நுண்ணிய ரத்தக்கசிவு ஆகிய ஆபத்துகளோடு. சரிசெய்யக் கூடியதைத் தேடாமல் பி-டாவுக்கு ஓடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அதற்கப்புறம் பி-டாவ்217. ஸ்வீடனில் 1,213 பேரிடம் நடந்து 2024ல் வெளிவந்த ஆய்வு இதற்கு நல்ல ஆதாரம். வழக்கமான பரிசோதனைகளை மட்டும் வைத்து, மறதிக்குக் காரணம் அல்சைமரா என்று சொல்லச் சொன்னபோது குடும்ப மருத்துவர்கள் 61 சதவீதமும் நிபுணர்கள் 73 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள். பி-டாவ்217ம் அமிலாய்டு விகிதமும் சேர்ந்த ரத்தப் பரிசோதனை 91 சதவீதம் சரி. இடைப்பட்ட முடிவு வந்தவர்களைத் தண்டுவட நீருக்கு அனுப்பலாம். அதைச் செய்ய முடியாதவர்களுக்கும், அமிலாய்டு மருந்து தொடங்கித் திட்டு கரைவதைக் கண்காணிக்க வேண்டியவர்களுக்கும் பெட் ஸ்கேன். இந்த வரிசைதான் என் தேர்வு.

இதே வரிசையை மற்ற நரம்பு நோய்களுக்குத் தூக்கிப் போட முடியாது. பார்க்கின்சனில் ஆல்ஃபா சைனுக்ளீன் புரதத்தின் பிறழ்ந்த வடிவத்தைப் பெருக்கிக் காட்டும் பரிசோதனை தண்டுவட நீரில்தான் நன்றாக நிரூபணமாகியிருக்கிறது. 2023ல் வெளியான 1,123 பேர் ஆய்வில் அது பார்க்கின்சன் உள்ளவர்களில் 87.7 சதவீதம் பேரைப் பிடித்தது. தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் முறையும் வந்துவிட்டது. ரத்தம் அங்கே இன்னும் பின்தங்கியே இருக்கிறது. எல்லா நரம்பு நோய்க்கும் ஒரே பரிசோதனை என்று விளம்பரப்படுத்தப்படும் நியூரோஃபிலமென்ட் லைட் ஒரு புரதம்; நரம்பிழை சேதமானால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் ஏ.எல்.எஸ்., பக்கவாதம், தலையில் அடி, எல்லாவற்றிலும் ஏறும். என்ன நோய் என்று அது சொல்லாது. நோய் எது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அது அருமையான அளவுகோல். எஸ்.ஓ.டி.1 மரபணு மாற்றத்தால் வரும் ஏ.எல்.எஸ்.ஸுக்கான டோஃபர்சென் மருந்துக்கு 2023ல் விரைவு அனுமதி கிடைத்ததே, ரத்தத்தில் இந்த அளவு இறங்கியதை வைத்துத்தான்.