செலஸ்ட்: 3,871 முறை விழுந்து ஏறிய மலை

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு இரவு ஷிஃப்ட். கொழுந்து வாட்டுவது என் வேலை. சாயங்காலம் லாரியில் வந்து இறங்கும் பச்சை இலையை நீளமான ட்ரஃப்களில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்றை விட்டு, விடியற்காலையில் மெஷினுக்கு அனுப்பும் வரை அது என் பொறுப்பு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடிக்கடி போய் இலையைக் கிளறிப் பார்க்க வேண்டும். மற்ற நேரத்துக்கு ஆபீஸ் அறையில் ஒரு நாற்காலி, ஒரு ஹீட்டர், என்னுடைய பழைய லேப்டாப். வேலை கெடாத வரை முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார். அந்த லேப்டாப்பில் எட்டு மாதமாக நான் ஆடிக்கொண்டிருப்பது ‘செலஸ்ட்’ என்ற ஒரே ஒரு கேம்.

2018 ஜனவரியில் வந்த விளையாட்டு இது. மேடி தார்சன், நோயல் பெர்ரி என்ற இருவர் 2015இல் நான்கே நாளில் பிகோ-8 என்ற குட்டித் தளத்தில் செய்து பார்த்த ஒரு சின்ன கேம்தான் இதற்கு விதை. அந்தப் பழைய கேமையே மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தேடிக் கண்டுபிடித்தால் அங்கேயே உட்கார்ந்து ஆடலாம். 2018இன் கேம் அவார்ட்ஸில் சிறந்த இண்டி விளையாட்டுக்கான (பெரிய கம்பெனி இல்லாமல் சின்னக் குழு சொந்தமாகச் செய்தது) விருது இதற்குத்தான் கிடைத்தது. ஆனால் நான் வாங்கியதற்குக் காரணம் விருது இல்லை. என் லேப்டாப்பில் ஓடுகிற அளவுக்குச் சின்னது, தள்ளுபடியில் இருந்தது, படத்தில் ஒரு மலை இருந்தது. அவ்வளவுதான்.

கதை எளிமையானது. மேடலின் என்ற பெண் செலஸ்ட் என்ற மலையின் உச்சிக்கு ஏற வேண்டும். அவளால் மூன்று காரியம் செய்ய முடியும்: குதிப்பாள், சுவரைப் பிடித்து ஏறுவாள், காற்றில் ஒரு முறை எட்டுத் திசையில் எந்தப் பக்கமும் பாய்வாள். இந்தப் பாய்ச்சலை ‘டாஷ்’ என்கிறார்கள். டாஷ் மிச்சம் இருந்தால் அவள் தலைமுடி சிவப்பு, தீர்ந்துவிட்டால் நீலம். திரையின் மூலையில் எந்தக் கணக்கையும் பார்க்க வேண்டாம், முடியின் நிறமே சொல்லிவிடும். சுவரைப் பிடித்துத் தொங்கினால் கொஞ்ச நேரத்தில் கை சோர்ந்துவிடும், உடம்பு சிவந்து மின்னும், அப்புறம் வழுக்கி விழுவாள். ஏழாம் அத்தியாயத்தில் இரண்டு முறை பாயலாம் என்பதைத் தவிர, கடைசி வரை இந்த மூன்றே மூன்றுதான். வாள் இல்லை, லெவல் ஏறுவது இல்லை, கடையில் எதுவும் வாங்கிச் சேர்ப்பதும் இல்லை. முதல் அத்தியாயத்தில் விழுந்த மேடலினும் ஏழாம் அத்தியாயத்தில் ஏறும் மேடலினும் ஏறக்குறைய ஒரே ஆள்தான். நடுவில் தேறியது என் கை.

எவ்வளவு கஷ்டம் என்று கேட்பீர்கள். ஏழு அத்தியாயத்தை முடித்து உச்சியைத் தொட்டபோது கேமுக்குள் இருக்கும் டைரி எனக்குக் காட்டிய எண் 3,871. அத்தனை முறை செத்திருக்கிறேன். ஏழாவது அத்தியாயத்தில் மட்டும் ஆயிரத்துச் சொச்சம். இதை நான் வெட்கத்தோடு சொல்லவில்லை, கேமும் அதை மறைப்பதில்லை. செத்த எண்ணிக்கையைப் பெருமையாக நினை, சாகச் சாகக் கற்றுக்கொள்கிறாய் என்ற பொருளில் ஒரு தபால் அட்டையே வருகிறது.

இதில் நான் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இங்கே செத்தால் ஒரு நொடிக்குள் திரும்பி வந்துவிடலாம். ‘கேம் ஓவர்’ என்று ஒரு திரை வராது, லோடிங் கிடையாது, சேர்த்த எதையும் பறிக்கமாட்டார்கள். நீங்கள் நிற்கும் அந்தத் திரையின் வாசலிலேயே மறுபடி நிற்பீர்கள். பெரும்பாலான திரைகள் சரியாகச் செய்தால் பத்து இருபது நொடியில் முடிந்துவிடும். அந்தப் பத்து நொடியைச் சரியாகச் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் ஒரு ராத்திரி முழுக்க ஆகும். இதற்கு முன்னால் ஊரெல்லாம் புகழும் வேறொரு கஷ்டமான கேமை ஆடினேன். ஒரு பெரிய எதிரியிடம் தோற்றால், அவனிடம் திரும்பிப் போகவே இரண்டு நிமிடம் ஓட வேண்டும். தோற்றதைவிட அந்த ஓட்டம்தான் என்னை நோகடித்தது. கோபத்தில் ஒரு நாள் அழித்தே விட்டேன். கஷ்டம் என்னை விரட்டியதே இல்லை. என் நேரத்தை ஒருவன் மதிக்கவில்லை என்று தோன்றினால்தான் எழுந்து போகிறேன்.

இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொழுந்து எப்போது சரியாக வாடியது என்று எனக்குத் தெரியாது. எங்கள் பெரியவர் ஒரு பிடி இலையை அள்ளி உள்ளங்கையில் அமுக்கிக் காட்டுவார். கையைத் திறந்தால் இலை பந்து மாதிரி நிற்க வேண்டும், சட்டென்று விரியக் கூடாது. காம்பை மடித்தால் ‘டக்’கென்று ஒடியக் கூடாது. இதைச் சொல்வது சுலபம். என் கைக்கு அது வர இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷத்தில் நான் தப்பாக அனுப்பிய ஒவ்வொரு லாட்டும் யாருக்கோ நஷ்டம். ஒரு முறை குன்னூர் ஏலத்தில் எங்கள் தூளுக்கு விலை விழுந்தபோது யாரும் என்னைத் திட்டவில்லை. நான்தான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கை பழக வேண்டுமென்றால் தப்பு செய்துதான் ஆக வேண்டும். ஆனால் தப்பு செய்ய யார் இடம் கொடுக்கிறார்கள்? செலஸ்ட் கொடுக்கிறது. 3,871 தப்பு செய்தேன், ஒருவருக்கும் ஒரு கிலோ இலைகூட வீணாகவில்லை.

அப்புறம் கேம் நமக்குத் தெரியாமலே கை கொடுக்கிற இடங்கள். பாறை விளிம்பைத் தாண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் கழித்துக் குதிக்கும் பட்டனை அமுக்கினாலும், விளிம்பிலிருந்தே குதித்ததாக எடுத்துக்கொள்ளும். மேலே எழும்போது தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால் ஓரமாகத் தள்ளி ஏற்றிவிடும். முள்ளில் படும் இடம் கண்ணுக்குத் தெரியும் முள்ளைவிடச் சின்னது. இதையெல்லாம் செய்தவர்களே வெளிப்படையாக விளக்கியிருக்கிறார்கள். படித்த பிறகுதான், ‘அட, அப்போது தப்பித்தது இப்படியா’ என்று எனக்குப் புரிந்தது. ஒரு நல்ல வாத்தியார் விடைத்தாளைத் திருத்துவது மாதிரி. நம் பக்கம் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கிறது, ஆனால் தப்பைச் சரியென்று போடுவதில்லை.

அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லப் போவதில்லை. இரண்டு இடத்தை மட்டும் சொல்கிறேன்.

நான்காம் அத்தியாயம் முழுக்கக் காற்று. எதிர்க்காற்று வீசும்போது குதித்தால் பாதித் தூரம்தான் போகும், பின்காற்றில் குதித்தால் தாண்டிப் போய் முள்ளில் விழுவீர்கள். அதன் முடிவில் மேடலினும் தியோ என்ற வழிப்போக்கனும் ஒரு கம்பிவடத் தொட்டியில் ஏறுகிறார்கள். அது நடுவானில் நின்றுவிடுகிறது. அவளுக்கு மூச்சு முட்டுகிறது, திரை ஓரமெல்லாம் இருட்டுகிறது. தியோ அவளிடம் ஓர் இறகை நினைத்துக்கொள்ளச் சொல்கிறான், மூச்சால் அதை மிதக்கவிடு என்கிறான். திரையில் ஓர் இறகு வரும். பட்டனை அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு, அதை ஒரு கட்டத்துக்குள் மிதக்க வைக்க வேண்டும். நம்மை அறியாமல் நம் மூச்சும் அதோடு சேர்ந்துவிடும்.

2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த மேடு ராத்திரியில் இறங்கி வந்து சமையலறைச் சுவரோடு நின்றது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்றைக்கும் ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்ட ஆரம்பித்தால் என் நெஞ்சு இறுகும். போன அக்டோபரில் ஷிஃப்டில் தனியாக இருந்த ஒரு ராத்திரி அப்படி ஆனது. நான் அந்த இறகை நினைத்துக்கொண்டேன். அமுக்கி, விட்டு. மழை நிற்கவில்லை, எனக்கு மூச்சு வந்தது. பின்னால் ஓரிடத்தில் அதே இறகு மேடலினைக் கைவிடுகிறது. அதையும் மறைக்காமல் காட்டியதால்தான் இந்தக் கதையை நான் நம்புகிறேன்.

இன்னொன்று உச்சி. ஏழாம் அத்தியாயம் அடிவாரத்தில் தொடங்கி ஐந்நூறு ஐந்நூறு மீட்டராக ஏறும். 3,000 மீட்டர் என்ற பலகையைப் பார்த்தபோது, நம் தொட்டபெட்டா 2,637தானே, அதையும் தாண்டியாயிற்று என்று சந்தோஷப்பட்டேன். அங்கிருந்துதான் உண்மையான ஏற்றமே. வழியில் கொடிகள் நட்டிருக்கும், ஒவ்வொன்றிலும் ஓர் எண். முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று இறங்கிக்கொண்டே வரும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருப்பார்களே, பஸ்ஸில் போகும்போது வாந்தியை அடக்கிக்கொண்டு சின்ன வயதில் அதைத்தான் எண்ணுவேன். அதே எண்ணும் பழக்கம் இங்கே வந்துவிட்டது.

கடைசிப் பத்துக் கொடிக்குள் ஒரு திரையில் நான்கு ராத்திரி மாட்டிக்கொண்டேன். குதித்து, வலது மேல் மூலைக்குப் பாய்ந்து, நடுக்காற்றில் தொங்கும் பச்சைக் கல்லைத் தொட வேண்டும். தொட்டால் தீர்ந்த டாஷ் திரும்பி வரும். உடனே மறுபடி பாய்ந்து, முள்ளில்லாத ஒரு சாண் சுவரைப் பிடிக்க வேண்டும். முதல் ராத்திரி கல்லைத் தொடவே முடியவில்லை. இரண்டாம் ராத்திரி தொட்டேன், சுவர் கிடைக்கவில்லை. மூன்றாம் ராத்திரி சுவரைப் பிடித்த சந்தோஷத்தில் விரலை விட்டுவிட்டு விழுந்தேன். ஜனவரி மாதம், வெளியே புல்லெல்லாம் உறைபனி, விரல் மரத்துப் போயிருந்தது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துச் சூடேற்றிக்கொண்டு ஆடுவேன். நான்காம் ராத்திரி இலையைக் கிளறிவிட்டு வந்து உட்கார்ந்த முதல் முயற்சியிலேயே கை அதுவாகப் போனது. கல், பாய்ச்சல், சுவர். நான் எதையும் யோசிக்கவில்லை. அடுத்த திரையின் வாசலில் நின்று மேடலினைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது. வெளியே போய் ட்ரஃப் பக்கம் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் மறுபடி உட்கார முடிந்தது.

வாங்குபவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. கீபோர்டில் ஆடினால், குதிக்க சி, பாய எக்ஸ், பிடிக்க இசட், திசைக்கு அம்புக்குறி என்றுதான் கேம் வைத்திருக்கும். சில கீபோர்டுகளில் மூன்று நான்கு கீயைச் சேர்த்து அமுக்கினால் ஒன்றை விழுங்கிவிடும். என்னுடையதில் சுவரைப் பிடித்தபடி இடது மேல் மூலைக்குப் பாய்ந்தால் பாய்ச்சலே வராது. இரண்டு வாரம் என் தப்பு என்று நினைத்தேன். செட்டிங்ஸில் பிடிக்கும் கீயை வேறு இடத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. ஜாய்ஸ்டிக் ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். மலிவான சரக்கு, ஒரே மாதத்தில் குச்சி தானாக இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. இந்த விளையாட்டுக்கு மலிவான ஜாய்ஸ்டிக்கைவிடச் சாதாரண கீபோர்டு மேல்.

வழியெல்லாம் ஸ்ட்ராபெர்ரி தொங்கும். அதனால் ஒரு பயனும் இல்லை என்று கேமே சொல்லிவிடுகிறது. ஆனாலும் முள்ளுக்கு நடுவில் ஒன்று தெரிந்தால் விட மனம் வராது. எடுத்தால் மட்டும் போதாது, பத்திரமாகத் தரையில் கால் வைத்தால்தான் கணக்கில் சேரும். 175இல் எனக்குக் கிடைத்தது 62. மிச்சத்தை அவசரமில்லாமல் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. பொங்கல் லீவுக்கு வந்தவள் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “மாமா, அந்தக்கா ஏன் திரும்பத் திரும்பப் போறாங்க?” என்றாள். மேலே போகணுமில்ல கண்ணு என்றேன். “அப்ப எனக்கும் குடுங்க.” அவளுக்காக ‘அசிஸ்ட் மோட்’ போட்டுக் கொடுத்தேன். கேமின் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், கை சோராமல் செய்யலாம், சாகாமலேகூட ஆடலாம். யாரும் குறைவாக நினைக்காதபடி மரியாதையாகவே அதை வைத்திருக்கிறார்கள். அவள் வேகத்தை மட்டும் எழுபதாகக் குறைத்துக்கொண்டாள். சாகாமல் ஆடும் வசதியை நான் காட்டியபோது, “அது வேண்டாம் மாமா” என்று சொல்லிவிட்டாள். முதல் அத்தியாயத்தை மூன்று நாளில் முடித்துவிட்டு, எத்தனை முறை விழுந்தாள் என்பதைத் தன் அம்மாவிடம் போனில் மார்க் சொல்வது மாதிரி சொன்னாள்.

எனக்குக் குறையாகத் தெரிவதையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தின் இருட்டுக் கோயிலில் வழி தேடி அலைவது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் விழுவதில் கை எதையும் கற்பதில்லை. 2019 செப்டம்பரில் இலவசமாகச் சேர்த்த ‘ஃபேர்வெல்’ என்ற கடைசி அத்தியாயம் வேறொரு பிரச்சினை. அங்கே திரைகள் மிக நீளம். முடிவுக்கு அருகில் விழுந்தால் முதலிலிருந்து வர வேண்டும். உயிர் போனால் உடனே அதே இடம் என்று அதுவரை கேம் கொடுத்த வாக்கு அங்கே பாதிதான் நிற்கிறது. கரைகண்டவர்களுக்கு அது விருந்தாக இருக்கலாம், எனக்கு இல்லை. தமிழில் வசனம் இல்லாததும் ஒரு குறைதான். வசனம் குறைவு என்பதால் சமாளிக்கலாம், ஆனால் அந்த இறகுக் காட்சியை அக்கா மகள் தன் மொழியிலேயே படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சொன்னேன்.

லீனா ரெய்னின் இசை பற்றித் தனியாக எழுதும் அளவுக்கு எனக்கு இசை தெரியாது. நூறு முறை செத்த திரையிலும் அந்தப் பாட்டு எனக்குச் சலிக்கவில்லை என்று மட்டும் சொல்வேன். ஹெட்போன் போட்டு ஆடுங்கள்.

உச்சியோடு கேம் முடிவதில்லை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு கேசட் ஒளிந்திருக்கும். அதை எடுத்தால் ‘பி-சைடு’ என்று அதே அத்தியாயத்தின் கடினமான வடிவம் திறக்கும். நான் இப்போது ஏழாவதின் பி-சைடில் 1,500 மீட்டரில் நிற்கிறேன். என் கீபோர்டில் எக்ஸ் எழுத்து முழுக்க அழிந்துவிட்டது. இன்று சாயங்காலம் மழை ஈரத்தோடு நிறைய இலை வந்து இறங்கியிருக்கிறது, வாட நேரமாகும். இரண்டு மணிக்கு ஒரு முறை கிளறிவிட்டு வந்து உட்கார வேண்டும்.