புதுச்சேரி சண்டே மார்க்கெட்: துணி வாங்குவோருக்கு ஒரு மதிப்பீடு

காந்தி வீதியில் நிரந்தரக் கடைகள் அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றின் வாசலிலேயே கூடும் சண்டே மார்க்கெட்டை, அன்றாட உடுப்புக்குத் துணி தேடும் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். பெரிய ஜவுளிக்கடையின் வாடகையும் விளக்கொளியும் விலையில் ஏறாததால், அதே தரத்துச் சட்டை இங்கே கணிசமாக மலிவாகக் கிடைக்கிறது. அண்மையில் நான் வாங்கிய பருத்திச் சட்டைக்கு 250 ரூபாய் சொன்ன கடைக்கார அம்மா, பேரத்துக்குப் பின் 180 ரூபாய்க்குச் சம்மதித்தார். நான் கேட்காமலே சட்டையை உட்புறமாகத் திருப்பி, அக்குள் தையலை இரண்டு கட்டைவிரல்களாலும் இழுத்துக் காட்டி, "அடுத்த வாரமும் இங்கதான் இருப்பேன் தம்பி, தையல் விட்டா எடுத்துட்டு வாங்க" என்றார்.

அது வெறும் பேச்சன்று. முன்பு இதே மார்க்கெட்டில் வேறொரு வியாபாரியிடம் வாங்கிய கால்சட்டையின் ஜிப் பழுதானபோது, அந்த வியாபாரி ரசீது கேட்காமலே மாற்றிக் கொடுத்தார். எந்த அதிகாரியும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை; மறுவாரமும் அதே இடத்தில் வியாபாரம் செய்தாக வேண்டும் என்பதே அவரை நாணயமாக நடக்க வைக்கிறது. தனிமனித சுதந்திரத்தையும் தடையற்ற வணிகத்தையும் நம்புகிற என்னைப் போன்றோர் சொல்லிவருவது இதைத்தான்.

குறைகளும் உண்டு. உடுத்திப் பார்க்க இடமில்லை. அளவு நாடா கொண்டுபோவது நல்லது. அடர்நிறத் துணிகள் முதல் சலவையில் சாயம் விடலாம். மாலையில் நெரிசல் மிகுந்து, நடப்பவர்கள் வண்டிகளுக்கு நடுவே இறங்க நேர்கிறது. வீதி எல்லோருக்கும் பொது என்பதால், நடைவழிக்கு ஒரு கோடு கிழித்து அதைக் கண்டிப்புடன் காப்பது அரசின் நியாயமான வேலை என்பதை முழுமனதுடன் ஏற்கிறேன்.

ஆனால் சட்டம் அந்தக் கோட்டோடு நிற்கவில்லை. தெருவில் வியாபாரம் செய்வதும் விரும்பிய தொழிலைச் செய்ய உரிமை தரும் அரசியலமைப்பின் 19(1)(g) பிரிவில் அடங்கும் உரிமையே, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு மட்டுமே அது உட்பட்டது என்று தெரு வியாபாரி சோடன் சிங் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இலேயே கூறிவிட்டது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அந்த உரிமைக்குச் சில நல்ல காவல்களைத் தந்தது: வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து, கடை போடுவதற்கான சான்றிதழ் வழங்கப்படும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது; அதன் பின்னும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; பறிமுதல் செய்த சரக்குக்குப் பட்டியல் தர வேண்டும்; அழுகாத பொருளாயின், உரியவர் கேட்ட 2 வேலை நாட்களுக்குள் திருப்பித்தர வேண்டும். ஆயினும் அதே சட்டம் சான்றிதழ் இல்லாமல் கடை போடக் கூடாது என்கிறது, வார்டு அல்லது நகர மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு என்று வியாபாரிகளுக்கு ஓர் உச்சவரம்பையும் வைக்கிறது. எத்தனை பேர் சட்டை விற்கலாம் என்பதை வாங்குகிறவர்கள் தீர்மானிக்க வேண்டுமே தவிர, ஒரு விழுக்காடு தீர்மானிக்கக் கூடாது.

தொழில் செய்ய அரசின் அனுமதியைக் கேட்டு நிற்க வைத்த பெர்மிட், லைசென்ஸ் ஆட்சியை எதிர்த்து ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியது 1959இல். பெரும்பாலான தொழிற்சாலைகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தது 1991இல். ஆலை முதலாளிக்கு அன்று கிடைத்த விடுதலை, தார்ப்பாய் விரித்துச் சட்டை விற்கும் அந்த அம்மாவுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம். நடைவழியை விட்டுக் கடை போடச் சம்மதிக்கும் எவருக்கும், கேட்ட மாத்திரத்தில் சான்றிதழ் தரும்படி விதியை மாற்ற வேண்டும்.

போக விரும்புவோர் வெயில் ஏறுமுன் போனால் நிதானமாகப் பார்த்து வாங்கலாம். பேரம் முடிந்ததும் சில்லறை தேடி நிற்காமலிருக்க 10, 20 ரூபாய் நோட்டுகளை எடுத்துச் செல்லுங்கள்.