சதுரமே இல்லாத சதுரத் தாள்

எட்டாவது துண்டுதான் பொருந்தவில்லை. எட்டுச் சிறிய துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வட்டமாக்கி, பிறகு நடுவை நோக்கித் தள்ளினால் நட்சத்திரமாக மாறுகிற, ஒரிகாமி என்கிற தாள் மடிப்புக் கலையில் செய்கிற அந்தச் சாமான் இருக்கிறதே, அதை மகளும் நானும் ஒரு மணித்தியாலமாக இருந்து மடித்தோம். ஏழு துண்டு வரைக்கும் ஒழுங்காகப் போனது, கடைசியை முதலாவதோடு சேர்க்கப் போனால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. எங்கள் கையில்தான் பிழை என்று நினைத்தேன். பிறகு புதிதாக ஒரு தாளை எடுத்து மூலைக்கு மூலை மடித்துப் பார்த்தால், ஒரு பக்கம் 2 மில்லிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. "அப்பா, இது சதுரமே இல்லை" என்றாள். தரம் 3 படிக்கிறாள், சதுரம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், தாள் வெட்டிய ஆட்களுக்குத்தான் தெரியவில்லை.

இந்த ஒரிகாமித் தாள் பெட்டியைத் திருகோணமலை டவுனில் கொப்பி, பேனை விற்கிற ஒரு கடையில் செப்டெம்பர் கடைசியில் வாங்கினேன், 1,450 ரூபாய். கடையின் பெயரும் பெட்டியின் பெயரும் வேண்டாம், நான் ஏறி இறங்கிய மற்ற இரண்டு கடைகளிலும் கிட்டத்தட்ட இதே சாமான்தான் வேறு படத்தோடு தொங்கியது. உள்ளே 15 சென்றிமீற்றர் தாள் 100, நிறத்துக்குப் பத்தாகப் பத்து நிறம், ஒட்டுகிற கண்கள் ஓர் அட்டை, செய்முறைப் புத்தகம் ஒன்று.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாள் மெல்லியது, ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை. பிள்ளைகளோடு இருந்து மடிக்கும்போது இது பெரிய உதவி, "வெள்ளையை உள்ளுக்குள் வை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருக்கிற தாளில் அந்த விளக்கத்துக்கே பாதி நேரம் போய்விடும். நகத்தால் ஒருக்கா அழுத்தினால் மடிப்பு வடிவாக நிற்கிறது.

புத்தகம் உதவாது. உள்பக்கம் மடிப்பதற்குச் சிறு கோடுகளும் பின்பக்கம் மடிப்பதற்குக் கோடும் புள்ளியுமாகப் போடுகிற வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது, ஜப்பானின் அகிரா யோஷிஸாவா 1950களில் உருவாக்கிய முறை அது, எந்த மொழிக்காரனும் படத்தைப் பார்த்தே மடிக்கலாம். இந்தப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே கோடு. போதாததற்கு அட்டைப்படத்தில் கொக்கு. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது இரண்டு வயதாக இருந்து, 1955இல் இரத்தப் புற்றுநோயால் இறந்துபோன சடாகோ சசாகி கொக்கு மடித்த கதை மகளுக்குத் தெரியும், அதனால்தான் இந்தப் பெட்டியையே கேட்டாள். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே கொக்கைக் கொடுக்காதீர்கள். கழுத்தை இழுக்கிற இடத்தில் கிழிந்தது, அழுகை, பெட்டி இரண்டு நாள் அலுமாரிக்கு மேலே போய்விட்டது.

பிறகு நாங்கள் தொடங்கியது பெட்டி மடிப்பதில். ஜப்பானில் அரிசி அளக்கிற மரப்பெட்டியை மசு என்பார்கள், எங்களுடைய கொத்து, சுண்டு மாதிரி, அதே வடிவத்தைக் கடதாசியில் பசை இல்லாமல் மடிப்பது. 15 சென்றிமீற்றர் தாளில் 5 சென்றிமீற்றருக்குச் சற்றுக் கூடின சதுரப் பெட்டி வரும், நாலைந்து ரொபி போடலாம். மூடிக்கும் அதே அளவுத் தாள் போதும், ஆனால் விளிம்புகளை நடுக்கோடு வரை கொண்டுபோகாமல் 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு மடிக்க வேண்டும், அப்போதுதான் மூடி கொஞ்சம் அகலமாக வந்து மேலே உட்காரும். இது புத்தகத்தில் இல்லை, மூன்று மூடி வீணாகிய பிறகு கண்டுபிடித்தது. ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு டீச்சர்மாருக்கு ஆறு பெட்டி கொண்டுபோனாள், ஒவ்வொன்றோடும் புத்தகத்தின் மூலையில் மாட்டுகிற ஓர் அடையாளமும். அந்த அடையாளம்தான் எல்லாவற்றிலும் சுலபம், ஒரு தடவை காட்டினால் அடுத்ததைப் பிள்ளை தானே மடிக்கும்.

மகனுக்கு ஐந்து வயது, அவனுக்குப் பாய்கிற தவளை மட்டும் போதும். ஒரு தாளை இரண்டாக வெட்டினால் இரண்டு தவளை. ஆனால் இந்தத் தாளில் தவளை சோம்பேறி, பின்னுக்கு இருக்கிற மடிப்புத்தான் ஸ்பிரிங் வேலை செய்வது, மெல்லிய தாளில் அது அமுங்கிக் கிடக்கும். பழைய கலியாணக் காட் ஒன்றை வெட்டிச் செய்து கொடுத்தோம், மேசையிலிருந்து பாய்ந்து ரசத்துக்குள் போய் விழுந்தது. மான் வேண்டும் என்றும் கேட்டான், கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் மான் பார்க்கிற பிள்ளை கேட்காமல் என்ன செய்யும். மான் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

சிவப்புத் தாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வியர்த்த கையில் நிறம் பிடிக்கிறது, கையிலிருந்து வெள்ளைச் சட்டைக்கும் போகிறது. பள்ளிக்கூடச் சட்டையோடு இருக்கவிடாதீர்கள். அடுத்தது மாரி. எங்கள் வீடு டச் பே கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம், மழை தொடங்கியதும் தாள் எல்லாம் அப்பளம் நமத்த மாதிரி தொய்ந்துபோனது, இப்போது பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறோம். ஜன்னலுக்கு மீன் தோரணம் கட்டினோம், சாம்பல் நிறத் தாளில் செய்ததையெல்லாம் மகள் சூடை என்று பெயர் வைத்தாள், ஒரே நூலில் கோத்ததால் கடல் காற்றுக்கு ஓர் இரவிலேயே முறுக்கிக்கொண்டு பந்தாகிவிட்டது. மீனுக்கு ஒரு நூலாகத் தனித்தனியே தொங்கவிட்டால் பிரச்சினை இல்லை.

அப்புறம் அந்த எட்டுத் துண்டு நட்சத்திரம். பக்கத்து வீட்டு நத்தார் மரத்துக்கு அதைச் செய்து தருவதாக மகள் வாக்குக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு தாளையும் மூலைக்கு மூலை மடித்து, நீட்டிக்கொண்டிருக்கிற பக்கத்தை அடிமட்டம் வைத்து வெட்டினால் சரிவரும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய தாளை நான் ஏன் வெட்ட வேண்டும்? போட்டோகொப்பிக் கடையில் நிறத் தாள் ஏ4 வாங்கினேன், 80 ஜி.எஸ்.எம்., 21 சென்றிமீற்றர் சதுரமாக வெட்டி அதை நாலாக்கினால் ஒரு தாளில் நாலு துண்டு, இரண்டு தாளில் ஒரு நட்சத்திரம். எட்டாவது துண்டு சத்தமில்லாமல் உள்ளே போனது. மிச்சமாகிற பட்டையையும் எறிய வேண்டாம், ஒரு சென்றிமீற்றருக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் நீளவாக்கில் வெட்டினால் போத்தலுக்குள் போட்டு வைக்கிற குட்டி நட்சத்திரங்கள் மடிக்கலாம்.

ஆகவே என் கணக்கில் ஐந்துக்கு இரண்டரை. பெட்டி, மீன், புத்தக அடையாளம் என்று ஒரு தாளில் முடிகிற சாமான்களுக்கு வாங்கலாம், அந்த 2 மில்லிமீற்றர் அதில் பெரிதாகத் தெரியாது. துண்டு துண்டாக மடித்துப் பொருத்துகிற எதற்கும் வேண்டாம். கடையில் உறை சுற்றாத பெட்டி இருந்தால் ஒரு தாளை மூலைக்கு மூலை மடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், நான் திரும்பிப் போய்ச் சொன்னதற்கு "பிள்ளைகள் விளையாடுறதுதானே" என்றார்கள்.

கறுப்புத் தாள் மட்டும் ஆறு மிச்சம் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காகம் வேண்டாம், மகன் ஏற்கெனவே நாலு செய்துவிட்டான்.